பேரேட்டில் ஏறாத பாக்கி

நம் கடையில் இருவர் கணக்கு வைத்திருப்பதாகக் கொள்வோம். ஒருவர் பல ஆண்டுகளாகச் சரக்கு எடுத்துப் பாக்கி வைத்தவர். மற்றவர் நேற்றுக் கணக்குத் தொடங்கியவர். கைமுதல் குறைந்தது என்று இருவரிடமும் சமமாக வசூலித்தால் நியாயமாகுமா? உலக நாடுகளிடையே "பருவநிலைக் கடன்" என்று பேசப்படுவது இதுவே.

நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து வெளிவந்த கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் காற்றில் தங்கும். ஆகவே பழைய பாக்கியும் கணக்கில் சேரும். இதுவரை வெளியானதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்காவினுடையது. அதைப்போல் நான்கு மடங்கு மக்கள் வாழும் இந்தியாவின் பங்கு 100-க்கு 4-க்கும் குறைவு. 2009-ல் கோபன்ஹேகனில், 2020 முதல் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவதாகப் பணக்கார நாடுகள் ஒப்புக்கொண்டன. அத்தொகை எட்டப்பட்டது 2022-ல்தான். அதிலும் பெரும்பகுதி கடன். பாக்கி கேட்டவருக்கே வட்டிக்குக் கொடுத்த கதை! 2024-ல் பாகு மாநாட்டில், 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்றார்கள். போதாது என்று இந்தியா மறுப்புத் தெரிவித்தது.

அரூர் வியாபாரிக்கு இதில் என்ன என்று கேட்கலாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலால் பக்கத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. ஒரு புயலுக்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரம் தாங்கும், மழையும் கனக்கும். கிடங்கில் வெல்லமும் மிளகாயும் நனைந்தால் நட்டம் நம் கணக்கில்தான்.

உள்நாட்டுக் கணக்கையும் பார்ப்போம். 2010-ல் நிலக்கரி டன்னுக்கு ரூ.50 தூய எரிசக்தி வரி வந்தது, 2016-ல் ரூ.400 ஆனது. 2017-18 வரை வசூல் சுமார் ரூ.86,440 கோடி. தூய எரிசக்தி நிதிக்குப் போனது சுமார் ரூ.29,645 கோடி மட்டுமே. ஜி.எஸ்.டி. வந்தபின் அவ்வரி மாநிலங்களுக்கான இழப்பீட்டு வரியாக மாறி, 2025 செப்டம்பரில் முடிந்தது. மின்கட்டணத்தோடு அதைச் சுமந்தவர்களில் நாமும் உண்டு.

இன்று கூரையில் சூரிய மின்தகடு போட, 2024-ல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டம் ரூ.78,000 வரை மானியம் தருகிறது. அது வீட்டு இணைப்புக்கே. கடை இணைப்புக்கு இல்லை. பெரிய நிறுவனம் 40 சதவீதத் தேய்மானம் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ளும். உத்தேச வருமான முறையில் வரி கட்டும் சிறு வியாபாரி அதைத் தனியே கழிக்க இயலாது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் நாம். மின்தகட்டுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமானது மட்டுமே நமக்குக் கிடைத்த ஆறுதல்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை மூன்று. கடையின் ஓராண்டு மின்கட்டணத்தை எழுதிவையுங்கள். மின்தகடு போடுமுன் உங்கள் வரி முறையில் தேய்மானம் உண்டா என்று கணக்காளரைக் கேளுங்கள். சிறு கடைகளுக்கும் மானியம் வேண்டும் என்று சங்கத்தின் வழியாகக் கணக்கோடு கோருவோம். எழுதாத பாக்கியை யாரும் கொடுப்பதில்லை என்பது நாம் அறிந்த பாடம்தானே!