பெயருக்கு எவ்வளவு உயரம்?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் வந்தது. பெர்லினில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, நடைபாதையில் பதித்திருந்த பித்தளைக் கற்களைப் பார்த்து மனம் சங்கடப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாம். நாஜிகளால் கொல்லப்பட்டவர்களின் பெயரைத் தெருவில் போட்டு மிதிக்க விடுவது என்ன நியாயம் என்று கேட்கிறீர்கள். இதே கேள்வியை ஜெர்மனியிலேயே ஒரு பெண்மணி கேட்டார். அவர் கேட்டதால் மியூனிக் மாநகராட்சி பத்தாண்டுக்கும் மேலாக இந்த விஷயத்தில் திணறியது. அந்தக் கதையைச் சொன்னால் உங்களுக்குப் பாதி பதில் கிடைக்கும்.

முதலில் கல்லைப் பற்றி. குந்தர் டெம்னிக் என்ற சிற்பி 1992இல் தொடங்கிய வேலை இது. உள்ளங்கையில் அடங்கும் கான்கிரீட் கட்டை, பக்கத்துக்குச் சுமார் பத்து சென்டிமீட்டர். மேலே பித்தளைத் தகடு. அதில் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டிப் பதிக்கிறார்கள். ‘இங்கே வாழ்ந்தார்’ என்று ஆரம்பிக்கும்; பிறகு பெயர், பிறந்த ஆண்டு, எப்போது பிடித்துக்கொண்டு போனார்கள், எங்கே கொன்றார்கள். ஓர் ஆளுக்கு ஒரு கல். அவர் தன் விருப்பப்படி கடைசியாகக் குடியிருந்த வீட்டின் வாசலில்தான் பதிப்பார்கள். யூதர்கள் மட்டுமல்ல, ரோமா மக்கள், மனநோயாளிகள், தன்பாலின விருப்பம் கொண்டவர்கள், அரசியல் எதிரிகள் என்று நாஜிகள் கொன்ற எல்லாருக்கும் உண்டு. தமிழில் இடறுகல் என்று வைத்துக்கொள்வோம். படிக்க வேண்டுமென்றால் குனிந்தாக வேண்டும், அந்தக் குனிவே வணக்கம் என்பது டெம்னிக்கின் கட்சி. 2023இல் நியூரம்பெர்க்கில் ஒரு லட்சமாவது கல் பதிக்கப்பட்டது.

நியூரம்பெர்க் பவேரியாவில் இருக்கிறது. அதே மாநிலத்தின் தலைநகரம் மியூனிக். அங்கே மாநகராட்சிக்குச் சொந்தமான எந்தத் தெருவிலும் இந்தக் கல்லைப் பதிக்கக் கூடாது.

மியூனிக்குக்கு இதில் தனிக் கணக்கு இருக்கிறது. நாஜிக் கட்சி பிறந்த ஊர் அது. 1938 நவம்பர் 9 இரவு, அந்த ஊரின் பழைய நகர மண்டபத்தில்தான் நாஜிகளின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் பேசினார். அந்தப் பேச்சுக்குப் பின்தான் நாடெங்கும் யூதர்களின் கோயில்களும் கடைகளும் எரிந்தன. இன்று மாமன்றம் கூடும் கட்டடத்துக்கும் அந்த மண்டபத்துக்கும் நடுவே ஒரு சில நிமிட நடைதான். யாரை எப்படி நினைவுகூர்வது என்று அங்கே உட்கார்ந்து பேசுகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாலே போதும்.

அந்த நவம்பர் இரவில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மியூனிக் தெருக்களில் நடந்தவள் ஆறு வயதுச் சிறுமி ஷார்லோட்டே. பின்னாளில் ஊர் யூத சமூகத்தின் தலைவியான ஷார்லோட்டே க்னோப்ளோக் அவர்தான். வளர்த்த பாட்டியைத் தெரேசியன்ஷ்டட் முகாமுக்குக் கொண்டுபோனார்கள், பாட்டி திரும்பவில்லை. உறவினர் வீட்டில் வேலை செய்த கத்தோலிக்கப் பெண் ஒருவர் சிறுமியைத் தன் கிராமத்துக்குக் கூட்டிப் போனார். கல்யாணமாகாமல் தனக்குப் பிறந்த பிள்ளை என்று ஊர் நம்பும்படி விட்டார். ஒரு கிராமத்தில் அந்தப் பழியைச் சுமப்பது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பழிதான் குழந்தையைக் காப்பாற்றியது.

இப்படிப்பட்ட ஒருவர் வந்து, ‘எங்கள் ஜனங்களைத் தரையில் தள்ளிப் பூட்ஸ் காலால் மிதித்ததை நான் கண்டவள், அவர்கள் பெயரையும் தரையில் போடாதீர்கள்’ என்ற பொருளில் சொன்னால் எந்த மாமன்ற உறுப்பினருக்கு எதிர்த்துக் கை தூக்க மனம் வரும்? 2004இல் மியூனிக் மாமன்றம் இடறுகல்லுக்கு அனுமதி மறுத்தது.

ஆனால் எதிர்ப்பக்கத்தில் நின்றவர்களும் அதே சாவு விழுந்த வீட்டுக்காரர்கள். சீக்ஃப்ரீட் ஜோர்டான், பாவுலா ஜோர்டான் என்ற தம்பதி மியூனிக்கில் மவர்கிர்ஹர் தெருவில் குடியிருந்தார்கள். 1941 நவம்பர் 20ஆம் தேதி மியூனிக்கிலிருந்து சுமார் ஆயிரம் யூதர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய ரயிலில் அவர்களும் இருந்தார்கள். ஐந்தாம் நாள், லித்துவேனியாவின் கௌனாஸ் நகரில் அத்தனை பேரையும் சுட்டுக் கொன்றார்கள். மகன் மட்டும் இங்கிலாந்தில் பிழைத்திருந்தார். கல்லறை இல்லாத அப்பா அம்மாவுக்கு அந்தப் பழைய வீட்டு வாசலில் இரண்டு கல் பதிக்க அவர் ஆசைப்பட்டார். 2004இல் பதித்தார்கள். மாமன்றம் தடை விதித்ததும் மாநகராட்சி ஆட்கள் வந்து இரண்டையும் பெயர்த்தெடுத்தார்கள். எத்தனை மரியாதையோடு எடுத்திருந்தாலும், அந்த வாசலிலிருந்து அந்த இருவரையும் இரண்டாம் முறை அப்புறப்படுத்தியதாகத்தானே மகனுக்குத் தோன்றும்?

அதன்பின் வழக்கமான எல்லாமும் நடந்தது. கையெழுத்து இயக்கம், பத்திரிகைச் சண்டை. 2014 டிசம்பரில் மாமன்றம் பலதரப்பையும் கூப்பிட்டு வைத்துக் கேட்டது. 2015 ஜூலையில் மறுபடியும் வாக்கெடுத்து, தடை தொடரும் என்றார்கள். கல்லுக்குப் பதில் சுவரில் பலகையோ தெருவோரத்தில் தூணோ வைக்கலாம் என்றார்கள். வழக்கும் போட்டுப் பார்த்தார்கள். 2017இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போயும் தடை அசையவில்லை. தெரு மாநகராட்சியின் சொத்து, அனுமதிப்பதும் மறுப்பதும் அதன் உரிமை என்ற கணக்குதான்.

மிதிப்பதைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு இப்போது வருகிறேன். பெருமாள் கோயிலில் கருவறைக்கு முன்னால் இருக்கும் படிக்குக் குலசேகரன் படி என்று பெயர். சேர நாட்டை ஆண்ட ஆழ்வாரின் பெயர் அது. அவர் பெயர் அங்கே படியில் கிடப்பதை யாரும் அவமரியாதை என்று சொல்வதில்லை. காரணம், அந்த இடத்தை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். ஆக, கால் படும் இடமா கண் மட்டத்து இடமா என்பது பெரிதில்லை. அதைக் கேட்டது யார் என்பதுதான் பெரிது. கௌனாஸில் செத்தவர்களிடம் இனிக் கேட்க முடியாது. அவர்களுக்காகப் பேச யாருக்கு முதல் உரிமை? சமூகத்தின் தலைவிக்கா, பெற்ற மகனுக்கா?

என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். மகனுக்குத்தான். க்னோப்ளோக்கின் வலி நிஜம். தன் பாட்டி பெயரில் கல் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. அடுத்த வீட்டுப் பாட்டிக்கும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அந்த வலியிலிருந்து வராது. கொல்லப்பட்ட ரோமா குடும்பத்துக்கும் கம்யூனிஸ்ட் தொழிலாளிக்கும் சேர்த்து ஒருவரே முடிவு சொல்வது எப்படி? க்ரேஃபெல்ட் என்ற ஜெர்மன் நகரத்திலும் மாமன்றம் முதலில் மறுத்தது. ஊரார் கையெழுத்து திரட்டியதும், வீட்டு உரிமையாளரும் உறவினரும் சம்மதித்தால் பதித்துக்கொள்ளலாம் என்று இறங்கிவந்தார்கள். எனக்கு அது நல்ல ஏற்பாடாகப் படுகிறது. ஓர் ஊரில் இரண்டு விதமான நினைவுச் சின்னம் இருந்தால் குடி முழுகிப் போய்விடாது.

ஆனாலும் மியூனிக் கொண்டுவந்த மாற்று வழியை மட்டம் தட்ட எனக்கு மனமில்லை. 2018 ஜூலையில் முதல் சின்னத்தை நிறுவினார்கள். பொன்முலாம் பூசிய எஃகு. அதில் பெயர், வாழ்க்கைக் குறிப்பு, கிடைத்தால் புகைப்படம். அந்த முகத்துக்கு நேரே நின்று பார்க்கலாம். இடறுகல்லில் முகம் கிடையாது. வீட்டுக்காரர் சுவரைத் தர மறுத்தால், மாநகராட்சி தன் இடத்தில் வாசலுக்கு முன்பே தூணை நட்டுவிடும். இதை நான் மிகவும் ரசித்தேன். சுவர் என்னுடையது என்று அவர் முறைத்துக்கொண்டு நிற்கலாம். தெரு அவருடையது இல்லையே!

இப்போது மியூனிக்கில் இரண்டையும் பார்க்க முடியும். மாநகராட்சியின் தடை பொதுத் தெருவோடு முடிகிறது. சில வீட்டுக்காரர்கள் தங்கள் சொந்த நிலத்தில், வாசலுக்கு உட்புறமாக, கற்களைப் பதிக்க இடம் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்த முறை போகும்போது மியூனிக்கையும் பார்க்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். கோனிகின் தெரு 85ஆம் எண் வீட்டுக்குப் போங்கள். ‘எங்லிஷர் கார்ட்டன்’ பூங்காவை ஒட்டிய தெரு அது. 2018இல் வைத்த முதல் சின்னம் அங்கேதான் இருக்கிறது, ஃப்ரான்ஸ், டில்லி லாண்டவர் தம்பதிக்காக. ஃப்ரான்ஸின் அண்ணன் தம்பிகளில் ஒருவர்தான் பயர்ன் மியூனிக் கால்பந்துக் கழகத் தலைவராக இருந்த கூர்ட் லாண்டவர். அவர் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிப் போனார், போர் முடிந்தபின் அதே ஊருக்குத் திரும்பி வந்து அதே கழகத்துக்கு மறுபடியும் தலைவரானார். உங்கள் பேரன் கால்பந்துப் பைத்தியம் என்று எழுதியிருந்தீர்களே, அவனையும் கூட்டிப் போங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். நான் சொன்னது உங்களுக்கு ஒப்பவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்