வாடகைக்கு வீடு வாங்குமுன் போடவேண்டிய கணக்கு

கடலூரிலோ சிதம்பரத்திலோ ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டால் முதுமைக்கு உதவும் என்று எண்ணும் அங்கத்தினர்கள் பலர் உளர். எண்ணம் தவறன்று. ஆயினும் சேமிப்பு முழுவதையும், அதன்மேல் கடனையும் ஒரே கூரையின்கீழ் வைப்பதற்கு முன் கணக்குப் பார்த்தல் அவசியம்.

புடவைக்கு விலை கூறும் நெசவாளி நூல், சாயம், கூலி ஆகியவற்றை எண்ணியே கூறுகிறார். பண்ருட்டிப் பக்கத்து விவசாயி முந்திரித் தோப்பின் காய்ப்பைப் பார்த்தே குத்தகை பேசுகிறார். வீடு என்று வந்துவிட்டால் மட்டும், பக்கத்து மனை என்ன விலைக்குப் போயிற்று என்று கேட்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். வீட்டின் காய்ப்பு வாடகையே அன்றோ?

உதாரணமாக, விலை 30 லட்சம், மாத வாடகை 10,000 ரூபாய் என்று கொள்வோம். தமிழ்நாட்டில் 2023 முதல் கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை வகையில் 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் ஆகின்றன; ஆகவே அடக்க விலை 32 லட்சத்து 70 ஆயிரம். ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாக இருக்கும் என்று வைத்து, வீட்டு வரி, வெள்ளையடித்தல், பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்கு 20,000 ஒதுக்கினால் மிஞ்சுவது 90,000; அதாவது மாதம் 7,500.

இனிக் கடன். 20 லட்சத்தை 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 17,995 ரூபாய். முதல் தவணையில் 15,000 வட்டிக்கே போய்விடும். ஐந்து ஆண்டுகளில் 10 லட்சத்து 80 ஆயிரம் வரை கட்டிய பின்னரும் அசலில் குறைவது 2¼ லட்சமே! வாடகை போக மாதந்தோறும் விழும் துண்டு 10,500 ரூபாய். அதைத் தறியோ வயலோதான் ஈடுசெய்ய வேண்டும். வட்டியும் நிலையானதன்று. ரிசர்வ் வங்கி 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்திற்கு உயர்த்தியதைக் கடன்தாரர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

நிகர வாடகையான 7,500 ரூபாய், இதே வட்டிக்கும் தவணைக்கும், சுமார் 8 லட்சத்து 30 ஆயிரம் கடனையே தாங்கும். கடனுக்கு எல்லை அதுவே என்பது நம் கருத்து. மேலும், ஆண்டுக்கு 6 சதவீத வரும்படி வேண்டுவோர்க்கு இவ்வீட்டின் பெறுமானம் 15 லட்சந்தான். விற்பவர் அவ்விலைக்கு இணங்கமாட்டார், நகைக்கவும் கூடும். எனினும் மீதி 15 லட்சம், மனை விலை ஏறும் என்ற நம்பிக்கைக்கு நாம் கொடுக்கும் விலை என்பதையாவது அறிந்து கொடுக்கலாம். நம்பிக்கையைக் கைப்பணத்தில் வாங்கலாம், கடனில் வாங்கலாகாது.

ஊருக்கு ஊர் ஆபத்தும் வேறு. சிதம்பரத்தில், அதிலும் அண்ணாமலைநகரை ஒட்டி, வாடகைக்கு ஆதாரம் 1929-இல் தோன்றிய பல்கலைக்கழகம். 2013-இல் அரசு அதனை ஏற்றபின் உபரி ஊழியர் பலர் வேறு இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். 2020 மார்ச்சில் கல்விக்கூடங்கள் மூடப்பட்டபோது மாணவர் ஊர் திரும்பினர். ஒரே வாயிலை நம்பிய வாடகைக்கு இத்தகைய இடர் உண்டு. கடலூரிலோ தலைநகர் அலுவலகங்களால் குடியிருப்போர் வரவு ஓரளவு சீரானது. அங்கே அச்சம் தண்ணீரே. 2011 டிசம்பரில் தானே புயல், 2015-இல் பெருவெள்ளம், 2024 டிசம்பரில் பெஞ்சல் புயலையொட்டித் தென்பெண்ணை வெள்ளம். தென்பெண்ணைக்கோ கெடிலத்திற்கோ அருகில் வீடு பார்ப்பவர், தரகரைக் கேளாது அண்டை வீட்டாரைக் கேட்டு, நீர் எவ்வளவு உயரம் ஏறியது என்பதைச் சுவரில் காட்டச் செய்க. முழங்கால் அளவு ஏறியிருப்பின் விலையைக் குறைத்துக் கேட்பதில் கூச்சம் வேண்டுவதில்லை.

வாடகை நிர்ணயத்தில் ஒன்று. மாதம் 500 கூட்டிக் கேட்டால் ஆண்டுக்குக் கிடைப்பது 6,000. அதனால் நல்ல குடித்தனக்காரர் வெளியேறி வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் இழப்பு 10,000. உடன்படிக்கையை எழுத்தில் செய்து, 2019 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்துகொள்க.