வாசகரைத் தேடி வரும் நூலகம்

திருவனந்தபுரம் நகரில் மக்கள் நெருக்கம் மிகுந்த பகுதிகளுள் ஒன்று பழவங்காடி. கணபதி கோயிலால் புகழ்பெற்ற இவ்விடத்திற்கு அருகில் கிழக்கேகோட்டையும் சாலைக் கடைத்தெருவும் உள்ளன. வணிகம், கைத்தொழில், அரசுப்பணி முதலியவற்றின் பொருட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் இப்பகுதியில் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றன. அக்குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் வகுப்பறையில் ஆங்கிலமும் இந்தியும் பேசுகின்றனர். பேச்சுத்தமிழ் அவர்களுக்கு வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது. எழுத்துத்தமிழ் படிப்பதனால் மட்டுமே நிலைபெறும். பாடநூல் ஒன்று அதற்குப் போதாது. கதை, பாட்டு, அறிவியல், வரலாறு எனப் பலவகை நூல்கள் வேண்டும். அவற்றையெல்லாம் விலைகொடுத்து வாங்குதல் எல்லாக் குடும்பங்களுக்கும் இயலாது. அக்குறையை நீக்குவது பொதுநூலகம்.

நகரின் பழைய நூலகம்

பழவங்காடியிலிருந்து மகாத்மா காந்தி சாலை வழியே வடக்கு நோக்கிச் சென்றால், தலைமைச் செயலகத்தைக் கடந்து பாளையத்தை அடையலாம். அங்கே மாநில மைய நூலகம் அமைந்துள்ளது. சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில், 1829ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்நூலகம் இந்தியாவின் மிகப் பழைய பொதுநூலகங்களுள் ஒன்றாகும். மலையாளம், ஆங்கிலம், இந்தி, சமற்கிருதம் ஆகிய மொழி நூல்களோடு தமிழ் நூல்களும் இங்கு உள்ளன. சிறுவர்க்கெனத் தனிப்பகுதியும் உண்டு.

பழைய நூல்களின் தாள்கள் நாளடைவில் பழுப்பேறி ஒடிந்துபோகும். பலரும் புரட்டினால் அவை விரைவில் அழியும். எவரும் தொடாமல் பூட்டி வைத்தால் பயனில்லை. இச்சிக்கலுக்குத் தீர்வாக, இந்நூலகத்திலுள்ள அரிய நூல்கள் பல பக்கம் பக்கமாகப் படமெடுக்கப்பட்டு இணையத்தில் வைக்கப்பட்டுள்ளன. நூலும் காக்கப்படுகிறது, வாசகரும் பயன்பெறுகின்றனர்.

மாட்டுவண்டி நூலகம்

முற்காலத்தில் வாசகரே நூலகத்தைத் தேடிச் சென்றனர். நூலகம் தொலைவில் இருந்தால் அவர்களுக்கு நூல் கிட்டவில்லை. இந்நிலையை மாற்ற முயன்றவர்களுள் தலைசிறந்தவர் சீ. இரா. அரங்கநாதன். இவர் 1892ஆம் ஆண்டில் சீர்காழியில் பிறந்தவர். இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படுபவர். நூல்கள் அடுக்கி வைப்பதற்கு அல்ல, பயன்படுத்துவதற்கே என்பது இவருடைய அடிப்படைக் கொள்கை. நூலக அறிவியலின் ஐந்து விதிகளை விளக்கும் இவரது நூல் 1931ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில் மன்னார்குடியில் மாட்டுவண்டி நூலகம் ஒன்று புறப்பட்டது. நூல்களை ஏற்றிய அவ்வண்டி சுற்றுப்புறச் சிற்றூர்களுக்குச் சென்றது. நூலகத்தையே பார்த்திராத உழவர்களின் வாயிலுக்கு நூல்கள் வந்து சேர்ந்தன.

கேரளத்தில் இப்பணியை இயக்கமாக வளர்த்தவர் பி. என். பணிக்கர். 1945ஆம் ஆண்டில் இவருடைய முயற்சியால் 47 நூலகங்கள் ஒன்றிணைந்து திருவிதாங்கூர் நூலகச் சங்கத்தைத் தோற்றுவித்தன. இவர் மறைந்த ஜூன் 19ஆம் நாளையே கேரளப் பள்ளிகள் ஆண்டுதோறும் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகின்றன.

இன்றைய புதிய பணிகள்

மன்னார்குடி வண்டியின் நோக்கம் இன்று வேறு வடிவங்களில் நிறைவேறுகிறது. கேரளத்துச் சிற்றூர் நூலகங்கள் சிலவற்றில் பெண் நூலகர்கள் நூல்களைப் பையில் சுமந்து வீடு வீடாகச் சென்று வழங்குகின்றனர். தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டில் ‘நூலக நண்பர்கள்’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. நூலகத்திற்கு வர இயலாத முதியோர், மாற்றுத்திறனாளிகள் முதலியோரின் இல்லங்களுக்குத் தன்னார்வலர்கள் நூல்களைக் கொண்டுசேர்க்கின்றனர். சென்னையில் 2010ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் பிரெய்லி நூல்களுக்கெனத் தனிப்பிரிவு உள்ளது.

தொலைவில் வாழும் தமிழர்க்குப் பெருந்துணையாவன மின்னூலகங்கள். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியம் பெறாமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினர். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் ஏராளமான நூல்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம்.

மின்படிகளின் தேவையை உணர்த்தும் துயர நிகழ்வு ஒன்று உண்டு. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அவற்றோடு அழிந்தன. 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ என்னும் இணையத்தளம், எஞ்சியுள்ள இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் தேடி மின்படியாக்கிக் காத்துவருகிறது.

கடைத்தெருவின் எழுத்தாளர்

பழவங்காடியை அடுத்த சாலைக் கடைத்தெருவில் கடை நடத்தியவர் ஆ. மாதவன். 1934ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் பிறந்த இவர் பள்ளியில் பயின்றது மலையாளம். ஆயினும் படிப்பார்வத்தால் தமிழைத் தாமே வளர்த்துக்கொண்டார். அக்கடைத்தெருவின் சுமைதூக்குவோர், சிறுவணிகர், ஏழையர் ஆகியோரின் வாழ்வைக் கதைகளாக எழுதினார். ‘இலக்கியச் சுவடுகள்’ என்னும் நூலுக்காக 2015ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றார். தமிழ்நாட்டிற்கு வெளியே வளரும் பிள்ளைக்கும் தமிழ் எழுத்து கைகூடும் என்பதற்கு இவர் வாழ்க்கை சான்று.

நூலகம் வாசகரைத் தேடி வந்தாலும், வாசகர் கைநீட்டி நூலைப் பெறுதல் வேண்டும். நூலகங்கள் பெரும்பாலும் வாசகர் விரும்பிக் கேட்கும் நூல்களையே மிகுதியாக வாங்குகின்றன. எவரும் கேட்காத மொழியின் அடுக்கு வளர்வதில்லை. எனவே, தமிழ்ப்பிள்ளை ஒருவர் உறுப்பினராகி ஒரு தமிழ்நூலை எடுத்துப் படிக்கும்போது, தமக்குப்பின் வரும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே நன்மை செய்கிறார்.

அருஞ்சொற்பொருள்

அரிய – எளிதில் கிடைக்காத
தன்னார்வலர் – ஊதியம் கருதாது பணிசெய்பவர்
மின்படி – கணினியில் படிக்கத்தக்க படி
ஏடு – எழுதப்பட்ட ஓலை அல்லது தாள்
சான்று – ஆதாரம்

பயிற்சி

1. எழுத்துத்தமிழ் நிலைபெறப் பாடநூல் மட்டும் போதாது என்பது ஏன்?
2. பழைய நூல்களை இணையத்தில் வைப்பதனால் விளையும் இரு நன்மைகள் யாவை?
3. மாட்டுவண்டி நூலகத்திற்கும் ‘நூலக நண்பர்கள்’ திட்டத்திற்கும் உள்ள ஒற்றுமையை எழுதுக.
4. பிரித்து எழுதுக: நூலகம், மின்னூல், கடைத்தெரு.
5. செயல்பாடு: பெற்றோருடன் அருகிலுள்ள நூலகத்திற்குச் செல்க. அங்குள்ள தமிழ் நூல்களுள் மூன்றன் பெயர்களைக் குறித்து வந்து வகுப்பில் கூறுக. தமிழ் நூல்கள் இல்லையெனில், அவற்றை வாங்க வேண்டி நூலகருக்குக் கடிதம் எழுதுக.