மண்ணைப் பேசவைக்கும் கண்காட்சிகள்

சிகாமட்டிலிருந்து தெற்கே குளுவாங்கை நோக்கிச் செல்லும் இரயில், லாபிஸ், பெக்கோக் ஆகிய ஊர்களைக் கடந்து போகிறது. தண்டவாளத்தின் இருபுறமும் பச்சை. சன்னலோரம் அமர்ந்திருக்கும் நகரத்துப் பயணி, “எவ்வளவு இயற்கையான ஊர்!” என்று வியக்கக்கூடும். ஆனால், அவர் காண்பவற்றில் பெரும்பாலானவை செம்பனை மரங்கள். இடைவெளி அளந்து, நிரை பிடித்து, மனிதர்கள் நட்டவை. அவற்றுக்கு முன்னால் அந்த மண்ணில் பல இடங்களில் ரப்பர் மரங்கள் நின்றன. அதற்கும் முன்னால் காடு. அந்தப் பழைய காட்டின் முகத்தை இன்று பார்க்க விரும்புபவர், பெக்கோக் வழியாக எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் செலாய் பகுதிக்குப் போகலாம்.

தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே பச்சைதான். கிட்டப் போய் அந்தப் பச்சையைப் பிரித்துப் பார்க்கக் கற்றுத் தருபவை, ஊரையும் இயற்கையையும் கருப்பொருளாகக் கொண்ட கலைக் கண்காட்சிகள்.

இயற்கை ஓவியம் என்றதும் நம் மனத்தில் ஒரு காட்சி உடனே தோன்றும். இரண்டு மலைகள், நடுவில் உதிக்கும் சூரியன், வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு தென்னை. கலைக்கல்வி வகுப்பில் இந்தப் படத்தை வரையாதவர் நம்மில் மிகச் சிலரே! அந்த மலைகள் எந்த ஊரில் இருக்கின்றன, அந்த ஆற்றின் பெயர் என்ன என்று கேட்டால்தான் சிக்கல். அது எல்லா ஊருக்கும் பொருந்தும் படம். ஆகையால், எந்த ஊரையும் பற்றிய படமன்று. தம் ஊரைப் பற்றியே பேச விரும்பிய கலைஞர்கள் வேறு வழிகளைத் தேடினார்கள். அவர்களுள் சிலரின் முயற்சிகளைக் காண்போம்.

1973ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தேசியக் கலைக்கூடம் ‘மனிதனும் அவனது உலகமும்’ என்னும் பொருளில் ஒரு கண்காட்சியை நடத்தியது. அதில் பினாங்கில் பிறந்த ஓவியர் நிர்மலா தத் சண்முகலிங்கம் ‘அறிக்கை 1’ என்ற படைப்பை வைத்தார். அழகிய காட்சியை எதிர்பார்த்து அதன் முன் நின்றவர்கள் திகைத்திருப்பார்கள். டாமான்சாரா பகுதியில் சுற்றுச்சூழல் சீர்கெட்டிருந்த நிலையைக் காட்டும் புகைப்படங்கள், நாளிதழ்ச் செய்திகள், அங்கிருந்தே எடுத்து வந்த குப்பை ஆகியவைதாம் அந்தப் படைப்பு. ஆற்றை நீலமாகத் தீட்டுவதற்குப் பதிலாக, ஊரில் கிடந்த கழிவைக் கொண்டு வந்து கலைக்கூடத்தின் நடுவில் வைத்துவிட்டார் அவர்.

குப்பை எப்படிக் கலையாகும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சாலையோரத்தில் கிடக்கும் குப்பையை நாம் பார்க்கிறோம். ஆனால், நின்று பார்ப்பதில்லை. அதே பொருளைக் கலைக்கூடத்தில் ஒளி பாய்ச்சி வைத்தால் நின்றாக வேண்டும். இது எங்கிருந்து வந்தது, யார் வீசினார்கள் என்று கேட்டாக வேண்டும். நிர்மலாவின் படைப்பு, பார்வையாளரை அப்படி நிற்க வைத்தது. சுற்றுச்சூழல் என்ற சொல் இன்றுபோல் பள்ளிப் பாடங்களில் பரவலாக இடம்பெறாத காலம் அது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஜொகூர் நீரிணைக்கு அப்பால், சிங்கப்பூரிலும் ஏறத்தாழ அதே காலத்தில் ஒரு முயற்சி நடந்தது. 1970களின் இறுதியில் அங் மோ கியோ வட்டாரத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்துகொண்டிருந்தன. மரங்கள் வெட்டப்பட்ட நிலத்தில் மழைநீர் ஓடி, மண்ணை அரித்துப் பள்ளங்களை உண்டாக்கியது. தாங் டா வூ என்னும் கலைஞர் அந்தப் பள்ளங்களின் குறுக்கே துணிகளைத் தொங்கவிட்டார். வெயிலும் மழையும் சேறும் அவற்றின்மேல் தம் விருப்பம்போல் எழுதின. பின்னர், 1980இல் ‘மண்வேலைகள்’ என்று பொருள்படும் தலைப்பில் நடந்த கண்காட்சியில் அவர் இந்தப் படைப்பைக் காட்சிக்கு வைத்தார். தூரிகையைப் பிடித்தது மழை. வண்ணமாக இருந்தது செம்மண். மண் அரிப்பைப் பற்றிப் புவியியல் பாடநூல் ஒரு பக்கத்தில் விளக்குவதை, கறைபடிந்த அந்தத் துணி ஒரு பார்வையில் உணர்த்திவிடும்.

சபா மாநிலத்தின் ரானாவ் ஊரைச் சேர்ந்த ‘பங்ரோக் சூலாப்’ குழுவினரின் கதை சற்றுக் கலகலப்பானது. ‘பங்க் ராக்’ என்னும் இசைவகையின் பெயர் ஊர்ப் பேச்சில் ‘பங்ரோக்’ ஆனது. ‘சூலாப்’ என்பது விவசாயிகள் ஓய்வெடுக்கும் குடிசை. 2010ஆம் ஆண்டில் தோன்றிய இக்குழுவினர் பெரிய மரப்பலகைகளில் தம் ஊரின் மலை, ஆறு, வயல், மக்கள் ஆகியவற்றைச் செதுக்குவார்கள். பலகையில் மை தடவித் துணியை விரிப்பார்கள். பிறகு அச்சு இயந்திரம் வேண்டாமா? வேண்டியதில்லை. இசை முழங்க, எல்லாரும் துணியின்மீது ஏறி நின்று ஆடுவார்கள். ஆட்டத்தின் அழுத்தத்தில் மை துணிக்கு இறங்கும். பார்க்க வந்தவர்களும் அந்த ஆட்டத்தில் சேர்ந்துகொள்வதுண்டு. ஒரு படைப்பை உருவாக்கியவர் யார் என்று கேட்டால், ஊரே கைகாட்டப்பட வேண்டியிருக்கும். கையெழுத்தைவிடக் கால்தடமே மிகுதியாக உள்ள கலை என்று இதைச் சொல்லலாம்.

இப்போது மீண்டும் லாபிஸ் பக்கம் திரும்புவோம். இவ்வூர் மாணவர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய கண்காட்சி ஒன்று உண்டு. அது 1996இல் கோலாலம்பூர் தேசியக் கலைக்கூடத்தில் நடைபெற்றது. புலம்பெயர்ந்தோரையும் ரப்பர் மரங்களையும் இணைத்துப் பேசும் தலைப்பை அதற்குச் சூட்டியிருந்தார் பினாங்கில் பிறந்த கலைஞர் வோங் ஹோய் சியோங். பெரிய தாள்களில் கரியால் வரைந்த படங்கள் அதில் இடம்பெற்றன. கடல் கடந்து மலாயாவுக்கு வந்து குடும்பங்களை அமைத்தவர்களின் வாழ்க்கை அப்படங்களில் விரிந்தது. கரி என்பதும் ஒரு காலத்தில் மரமாக இருந்ததுதானே!

மனிதரின் இடப்பெயர்வையும் ஒரு மரத்தையும் ஏன் சேர்த்துப் பேச வேண்டும்? காரணம் உண்டு. ரப்பர் மரமும் இந்த மண்ணுக்கு வந்தேறிய ஒன்றுதான். அதன் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. 1876இல் ஹென்றி விக்ஹாம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டு சென்றார். அங்கு முளைத்தவற்றுள் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. மரம் சாகாமல் பால் எடுக்கும் வெட்டுமுறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி வகுத்த பிறகு ரப்பர் பயிரிடுதல் பரவியது. தோட்டங்கள் பெருகின. கங்காணிகளின் வழியாகத் தமிழகத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினர். 1909இல் ஜொகூரின் உட்பகுதியை ஊடுருவி இரயில் பாதை திறக்கப்பட்டதும் லாபிஸ் போன்ற ஊர்களும் தோட்டங்களும் வெளியுலகோடு இணைந்தன.

செம்பனையின் கதையும் இதுபோன்றதே. மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அம்மரம் 1848இல் ஜாவாவின் போகோர் பூங்காவுக்கு வந்தது. 1917இல் கோல சிலாங்கூருக்கு அருகிலுள்ள தென்னமாராம் தோட்டத்தில் மலாயாவிலேயே முதன்முதலாக வணிகப் பயிரானது. இன்னும் வியப்பான செய்தி ஒன்று: செம்பனைப் பூக்களில் மகரந்தம் சேர்க்கும் சிறு வண்டும் இவ்வூரதன்று! அதற்கு முன்பு தொழிலாளர்கள் கையால் மகரந்தம் தூவி வந்தார்கள். கேமரூன் நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்ட வண்டுகள் 1981இல் ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் வட்டாரத்தில் விடப்பட்ட பின், அந்த வேலையை அவை ஏற்றுக்கொண்டன. மரம் ஒரு கண்டத்தைச் சேர்ந்தது. அதற்கு முன் நின்ற மரம் வேறொரு கண்டத்தைச் சேர்ந்தது. நட்டவர்களோ கடல் கடந்து வந்தவர்கள். இரயில் பயணி ‘இயற்கை’ என்று வியந்த பச்சைக்குள் இத்தனை பயணங்கள் அடங்கியிருக்கின்றன.

இவற்றுக்கெல்லாம் முன்பே அந்தக் காட்டை வீடாகக் கொண்டிருந்தவர்கள் ஜாகூன் பழங்குடி மக்கள். எண்டாவ் ரொம்பின் பகுதியின் ஆறுகளுக்கும் அருவிகளுக்கும் அவர்கள் மொழியில் பெயர்களும் கதைகளும் உண்டு. லாபிஸ் வட்டாரத்தின் மண்ணைப் பற்றிக் கண்காட்சி ஒன்று அமைத்து, அதைத் தோட்டம் தோன்றிய நாளிலிருந்து மட்டும் தொடங்கினால் அது பாதிக் கதையாகவே இருக்கும்.

அப்படி ஒரு கண்காட்சியை உங்கள் பள்ளி மண்டபத்தில் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். எதைக் காட்சிக்கு வைப்பீர்கள்?

பழைய ரப்பர் மரம் ஒன்று அருகில் நின்றால் அதிலிருந்து தொடங்கலாம். பால் வெட்டுபவர் ஒவ்வொரு முறையும் பட்டையில் மெல்லிய சீவலை எடுப்பார். வெட்டுக்கோடு சிறிது சிறிதாகக் கீழே இறங்கும். பட்டை மீண்டும் வளர்ந்தாலும் தழும்பு முழுவதும் மறைவதில்லை. விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு, குளிர் நீங்குவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்று வேலைக்குப் போனவர்களின் உழைப்பு அந்தத் தண்டில் பதிந்திருக்கிறது. மரத்தின்மேல் தாளை வைத்துக் கரித்துண்டால் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். பட்டையின் மேடுபள்ளங்கள் தாளில் எழுந்து வரும். வரையத் தெரியாதவரும் செய்யக்கூடிய எளிய கலைமுறை இது. ஒரே அளவுள்ள இருபது தாள்களில் இருபது மரங்களைப் பதித்து வரிசையாகத் தொங்கவிட்டால், தோட்டத்தின் நிரை ஒன்று மண்டபத்துக்குள் வந்து நிற்கும். ஊரின் பல பகுதிகளிலிருந்து மண்ணைச் சேகரித்து, சலித்து, பசையோடு குழைத்து வண்ணமாக்குவதும் கடினமான வேலையன்று. ஆற்றோர மண்ணும் செம்பனைக் காட்டு மண்ணும் ஒரே நிறத்தில் இருக்குமா என்பதை நீங்களே கண்டறியலாம்.

அடுத்தது, பயன்பாட்டுப் பொருள்கள். மங்கு, உளி, பால் வாளி, வாளிகளைத் தோளில் சுமக்க உதவிய காண்டாக் கம்பு போன்றவை இன்னும் சில வீடுகளின் பின்கட்டில் கிடக்கின்றன. நாள் செல்லச்செல்ல, அவை பழைய இரும்புக்காரரின் வண்டியில் ஏறிவிடுகின்றன. ரப்பர் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டபோதும், தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் பல குடும்பங்கள் லயங்களை விட்டு நகரங்களுக்குப் பெயர்ந்தன. பொருளைப் பயன்படுத்தியவர்கள் இப்போது முதியவர்கள். மங்கைக் கையில் எடுத்து, “இது என்ன?” என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். ஆகவே, கண்காட்சி என்பது சுவரை அலங்கரிக்கும் வேலை என்று நினைத்துத் தள்ளிப்போட முடியாது.

பொருளை மேசைமேல் வைத்தால் மட்டும் அது பேசிவிடாது. அதன் அருகில் வைக்கும் விளக்க அட்டை முக்கியம். பல கண்காட்சிகளில் நான்கு சொற்களோடு அட்டையை முடித்துவிடுகிறார்கள். ‘மங்கு: பால் சேகரிக்கும் கிண்ணம்’ என்று எழுதினால் தகவல் சரிதான், ஆனால், அந்த மங்கு எந்த மரத்தடியில் இருந்தது என்று தெரியாது. எனவே, அட்டை எழுதுமுன் அதை வைத்திருந்தவரிடம் போய் அமருங்கள். எந்தத் தோட்டம்? ஒரு நாளைக்கு எத்தனை மரம்? மழை பெய்து மங்கில் நீர் நிறைந்தால் அன்றைய சம்பளம் என்னவாகும்? கட்டிப்பாலை யார் பொறுக்குவார்கள்? கேள்விகளைச் சிறியனவாக வைத்துக்கொள்ளுங்கள். பதில்கள் தாமாக நீளும். இடையில் குறுக்கிடாமல் குறிப்பெடுங்கள். அவர் அனுமதித்தால் குரலையும் பதிவுசெய்யுங்கள். பாட்டி ‘மங்கு’ என்றும் ‘தீம்பார்’ என்றும் ‘பெரட்டு’ என்றும் சொன்னால், அட்டையில் அந்தச் சொற்களையே எழுதி, பொருளை அடியில் சிறிய எழுத்தில் தாருங்கள்.