வெள்ளி மாலை முதல் ஞாயிறு காலை வரை: சுவிசேஷங்களின் காலக் கணக்குக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெரிய வெள்ளியன்று பகல் 12 முதல் 3 வரை ஆலயத்தில் உட்கார்ந்துவிட்டு, வீட்டுக்கு வந்து நான்கு சுவிசேஷங்களையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். மாற்குவில் காலையிலேயே சிலுவையில் அறைந்துவிடுகிறார்கள். யோவானிலோ நண்பகல் நெருங்கியும் பிலாத்துவின் விசாரணை முடியவில்லை. இந்தக் குழப்பம் பழையது. கி.பி. 170 வாக்கில் தத்தியான் என்பவர் நான்கையும் கலந்து ‘தியாத்தெசரோன்’ என்று ஒரே கதையாக்கினார். அந்த வழி வேண்டாம். கலந்துவிட்டால் யார் எதைச் சொன்னார் என்பதே தெரியாமல் போகும்.

முதலில் ஒரு நோட்டு

நீள நோட்டில் ஒரு பக்கத்தை நான்காக மடியுங்கள். மத்தேயு 26–28, மாற்கு 14–16, லூக்கா 22–24, யோவான் 13, 18–20. நேரமோ நாளோ எங்கே வந்தாலும் வசன எண்ணோடு குறியுங்கள். விளக்கம் எதுவும் இப்போது எழுதாதீர்கள்.

நாள் பிறக்கும் நேரம்

யூதருக்குப் பொழுது சாய்ந்ததும் மறுநாள் பிறந்துவிடும். நம் கணக்கில் வியாழன் இரவு, அவர்களுக்கு வெள்ளி. அதனால் கடைசி இராப்போஜனம், கைது, விசாரணை, சிலுவை, அடக்கம் எல்லாம் ஒரே நாளுக்குள் அடங்கும். பகல் மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள்: மூன்றாம் மணி வேளை நமக்குக் காலை 9, ஆறாம் மணி நண்பகல், ஒன்பதாம் மணி பிற்பகல் 3.

மாதமும் சந்திர மாதம்தான். பஸ்கா வருவது பௌர்ணமியை ஒட்டி. இயேசு சிலுவையில் இருந்தபோது பரவிய இருளைச் சூரிய கிரகணம் என்று யாராவது சொன்னால் பஞ்சாங்கத்தைக் காட்டுங்கள். சூரிய கிரகணம் அமாவாசையில்தான் பிடிக்கும்.

மூன்று நாள் எப்படி?

வெள்ளி மாலைக்கும் ஞாயிறு விடியலுக்கும் நடுவே இரண்டே இரவு. மத்தேயு 12:40 மூன்று பகலும் மூன்று இரவும் என்கிறது. இதற்காகச் சிலுவையைப் புதன்கிழமைக்கு நகர்த்துகிறவர்கள் உண்டு. அவ்வளவு சிரமம் எதற்கு? எஸ்தர் 4:16-இல் மூன்று நாள் இரவும் பகலும் உபவாசம் என்கிறார். 5:1-இல் மூன்றாம் நாளே அரசன் முன் போய் நிற்கிறார். மத்தேயு 27:63–64-இல் ‘மூன்று நாளைக்குப் பின்’ என்பதும் ‘மூன்றாம் நாள் வரை’ என்பதும் ஒரே மூச்சில் வருகின்றன. எம்மாவுக்கு நடந்த சீடர் ஞாயிறன்றே இது மூன்றாம் நாள் என்கிறார் (லூக்கா 24:21). தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் சேர்த்து எண்ணும் கணக்கு இது.

ஒன்பதா, பன்னிரண்டா?

மாற்கு 15:25 மூன்றாம் மணி என்கிறது. யோவான் 19:14 ஏறக்குறைய ஆறாம் மணி என்கிறது. யோவான் நள்ளிரவிலிருந்து எண்ணும் ரோமக் கணக்கில் எழுதினார் என்பது அடிக்கடி கேட்கும் பதில். எனக்கு அது ஒப்பவில்லை. ரோமரின் சட்ட நாள் நள்ளிரவில் தொடங்கியது உண்மைதான். ஆனால் பகல் மணியை அவர்களும் உதயத்திலிருந்தே எண்ணினார்கள். கைக்கடிகாரம் இல்லாத ஊரில் முற்பகல் பத்தரையை ஒருவர் மூன்றாம் மணிப் பொழுதில் சேர்ப்பார், இன்னொருவர் உச்சிப்பொழுது ஆகப்போகிறது என்பார். யோவானின் ‘ஏறக்குறைய’ அதற்கு இடம் தருகிறது. முழுத் தீர்வு என்று இதைச் சொல்ல மாட்டேன்.

பஸ்காவுக்கு முன்பா, பின்பா?

உண்மையான முடிச்சு இங்கேதான். பஸ்கா ஆட்டுக்குட்டியை நிசான் மாதம் 14 பிற்பகலில் அறுத்து, பொழுது சாய்ந்தபின் உண்பார்கள். அந்த இரவு நிசான் 15. மாற்கு 14:12-இன்படி இராப்போஜனமே பஸ்கா விருந்து. யோவான் 18:28-இல், மறுநாள் காலையிலும் யூதர்கள் பஸ்காவை இனிமேல்தான் உண்ண வேண்டும். கிழமை இருவருக்கும் வெள்ளிதான், தேதிதான் இடிக்கிறது.

ஒரு விளக்கம் சொல்லிலிருந்து வருகிறது. ‘ஆயத்தநாள்’ என்பதற்கான கிரேக்கச் சொல்தான் இன்றும் கிரேக்கத்தில் வெள்ளிக்கிழமையின் பெயர். அப்படியானால் யோவான் 19:14-இன் ‘பஸ்கா ஆயத்தநாள்’ குறிப்பது பஸ்கா வாரத்து வெள்ளியை. ‘பஸ்காவை உண்பது’ ஏழு நாள் பண்டிகைப் பலிகளையும் குறிக்கலாம் என்பார்கள்.

இன்னொன்றை 1957-இல் பிரெஞ்சு அறிஞர் ஆனி ஜொபேர் முன்வைத்தார். கும்ரான் சுருள்களில் 364 நாள் கொண்ட நாட்காட்டி இருக்கிறது. இயேசு அதன்படி செவ்வாய் இரவே பஸ்கா உண்டார் என்றார். வாக்கியப் பஞ்சாங்கத்தில் ஒரு தேதியும் திருக்கணிதத்தில் இன்னொரு தேதியுமாகச் சனிப்பெயர்ச்சி வருவதைப் பார்த்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஆனால் இயேசு அந்த நாட்காட்டியைப் பின்பற்றினார் என்பதற்குச் சுவிசேஷங்களில் சான்று இல்லை.

மூன்றாவது, ஆட்டுக்குட்டிகள் அறுபடும் வேளையில் இயேசு இறப்பதுபோல யோவானே தேதியை அமைத்துக்கொண்டார் என்பது. ஆலயத்தில் ஆடுகள் அறுபடுவது ஒன்பதாம் மணி முதல் பதினொன்றாம் மணி வரை என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். முதல் அதிகாரத்திலேயே இயேசுவை ஆட்டுக்குட்டி என்று காட்டுவது யோவானின் சுவிசேஷம். பஸ்கா ஆட்டைப் போல இயேசுவின் எலும்பு முறிபடாததையும் அவர் மட்டுமே குறிக்கிறார்.

என் சாய்வு யோவானின் தேதிப் பக்கம். பண்டிகையில் கைது வேண்டாம் என்று ஆசாரியர் பேசியதை மாற்குவே எழுதியிருக்கிறார் (14:2). பண்டிகை நாளிலேயே அரிமத்தியா யோசேப்பு போய் இயேசுவின் உடலுக்குத் துணி வாங்குவதும் உறுத்துகிறது. நிசான் 14 வெள்ளியில் விழ வேண்டுமானால், பிலாத்து ஆண்ட 26–36-க்குள் பலரும் காட்டுபவை கி.பி. 30 ஏப்ரல் 7, கி.பி. 33 ஏப்ரல் 3.

ஞாயிறு காலை

மகதலேனா மரியாள் வந்தபோது இருட்டு (யோவான் 20:1), சூரியன் உதித்திருந்தது (மாற்கு 16:2). வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரமும் போய்ச்சேரும் நேரமும் ஒன்றல்ல. யோவான் அவளை மட்டும் காட்டினாலும், அடுத்த வசனத்தில் அவள் பன்மையில் பேசுகிறாள். கூட ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.

லூக்கா 24-ஐ மட்டும் நிதானமாகப் படியுங்கள். விடியலில் கல்லறை, பொழுது சாயும்போது எம்மாவு, திரும்பி எருசலேம், பிறகு பெத்தானியா, விண்ணேற்றம். எல்லாம் ஒரே நாள் போல ஓடுகிறது. நள்ளிரவிலா பெத்தானியாவுக்கு நடந்தார்கள்? அதே லூக்காவின் அடுத்த நூலில் நடுவே 40 நாள் (அப்போஸ்தலர் 1:3). நோட்டில் லூக்காவின் பத்தி ஓரத்தில் அந்த வசன எண்ணைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, மற்ற மூன்று பத்திகளையும் மறுபடி மேலிருந்து படியுங்கள்.