பத்தொன்பதாவது எபிசோட் பிடிக்காத தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உமது கடிதம் கிடைத்தது. ‘டீமன் ஸ்லேயர்’ அனிமேயின் 19ஆவது எபிசோட்டைப் பார்த்து உம்முடைய கூட்டாளிமார் எல்லாரும் அழுதார்களாம். உமக்கு ஒன்றுமே தோன்றவில்லையாம். ‘எனக்கு ரசனை இல்லையோ’ என்று கேட்டிருக்கிறீர். படம் கீறுகிறவனுக்கு இந்த ஏமாற்றம் கைமுதல். சும்மா கதைத்துத் தீர்த்துவிடாதையும்.

முதலில் அந்த எபிசோட்டுக்கு உரியதைக் கொடுத்துவிடுவோம். 2019 ஆகஸ்ட் 10இல் ஜப்பானில் ஒளிபரப்பானது; யுஃபோடேபிள் நிறுவனத்தின் வேலை. கதாநாயகன் தஞ்சிரோவின் வாளைச் சுற்றி ஓடும் தண்ணீரைக் கவனித்தீரா? பழைய ஜப்பானிய மர அச்சு ஓவியங்களில் அலைக்குப் போடுகிற தடித்த கோடு அது. அந்த வகையில் ஹொக்குசாய் கீறிய பேரலையைப் பக்கத்தில் வைத்துப் பாரும், விளங்கும். கையால் கீறிய அந்தக் கோட்டையும் கணினியில் செய்ததையும் ஒட்டுத் தெரியாமல் பொருத்துவது லேசான வேலையில்லை. அதே வீச்சில் தண்ணீர் நெருப்பாக மாறுகிறதே, அந்த இடத்தைச் சத்தத்தை நிறுத்திவிட்டுச் சட்டகம் சட்டகமாக நகர்த்தும். விநாடிக்கு 24 சட்டகம் என்றாலும் ஒவ்வொன்றுக்கும் புதுப்படம் கீறுவதில்லை; ஒரே படம் இரண்டு மூன்று சட்டகத்துக்கு நிற்கும். எங்கே நிற்கிறது, எங்கே பாய்கிறது என்று கொப்பியில் குறித்துக்கொள்ளும். ‘உயிரில்லாத தொழில்நுட்பம்’ என்று நீர் எழுதியதை நான் ஏற்கமாட்டேன். குறை சொல்வதில் எங்கடை ஊரை வெல்ல ஆளில்லை என்பது உமக்கே தெரியும். அந்தக் கூட்டத்தில் நீரும் சேரவேண்டாம்.

எனக்கு இடறியது கதையில். ரூயி என்ற அரக்கனிடம் தஞ்சிரோ தோற்கப் போகிறான். சரியாக அந்த நேரத்தில், தகப்பன் பனிக்குள் ஆடிய நெருப்பு நடனம் ஞாபகம் வருகிறது. தங்கச்சி நெசுக்கோ ரூயியின் நூலில் தொங்குகிறாள். செத்துப்போன தாய் அவள் முன் வந்து எழுப்புகிறாள். இரண்டு பேருக்கும் ஒவ்வொரு ஞாபகம், கையோடு ஒவ்வொரு புதுப் பலம். உடனே பாட்டு. நான் அழ முதலே பாட்டு அழத் தொடங்கிவிட்டது. இது காணாதென்று, ரூயியின் தலை தஞ்சிரோவின் வாளால் போகவில்லை, அவனே தன்னுடைய நூலால் முந்திக்கொண்டு அறுத்துவிட்டான் என்று அடுத்த எபிசோட் சொல்கிறது. அவனை முடிப்பது தொமியோக்கா என்ற இன்னொரு வாள்வீரன். அவ்வளவு பெரிய பாட்டுப் போட்டுக் கொண்டாடிய வெற்றி ஒரு கிழமைக்குள் இல்லையென்று ஆகிவிடுகிறது.

ஆனால் ஒன்று கேட்கவேண்டும். முந்திய 18ஐயும் வரிசையாகப் பார்த்தீரா, இல்லை ஃபோனில் வந்த துண்டைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுக் கடைசியாக முழுசுக்குப் போனீரா? இரண்டாவதென்றால் உமது தீர்ப்பைக் கொஞ்சம் ஒத்திவையும்.

துண்டாக வெட்டிப் பார்ப்பது எங்களுக்குப் புதிதில்லை. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்துவின் ‘மயான காண்டம்’ நாடகத்தைப் பற்றி உமது அப்பப்பாவிடம் கேளும். அரிச்சந்திரன் கதையின் கடைசிப் பகுதி அது. முன்கதையைச் சனம் வீட்டிலிருந்தே கொண்டுவந்தது. பாம்பு கடித்துச் செத்த லோகிதாசனைச் சந்திரமதி சுடலைக்குத் தூக்கிக்கொண்டு வருகிறாள். காவல்காரன் கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கிறான். கேட்கிறவன் அரிச்சந்திரன், தூக்கிவந்தவள் அவன் பெண்சாதி, செத்தது அவர்கள் பிள்ளை என்று முன்வரிசையில் பாயில் இருந்த கிழவிக்குத் தெரியும். அந்த மூன்று சாமானின் பெயரே அவளுக்குப் போதும். தஞ்சிரோவின் தகப்பனை எங்களுக்கு அந்த அளவுக்குப் பழக்கமில்லை. அவரை அறிமுகம் செய்வதும் அவருக்காக அழச் சொல்வதும் ஒரே நிமிடத்தில் நடக்கிறது.

இனி, கடிதத்தோடு நீர் அனுப்பிய ஸ்ரோறிபோட். 1990இல் இடம்பெயர்ந்த அப்பம்மா, 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகத்தையும் ஒட்டிய காணிகளையும் இராணுவம் விட்ட பிறகு வளவுக்குத் திரும்புகிறா. பற்றையை விலக்கினால் கிணறு. கண்டதும் வயலின். தம்பி, 19ஆவதில் உமக்குப் பிடிக்காதது அப்படியே இங்கே இருக்கிறது. அந்தக் கிணற்றை நாங்கள் அதுக்கு முதல் ஒருக்காலும் அறியவில்லை. இரண்டாம் பக்கத்தில், வாடகை வீட்டுக் கிணற்றடியில் அப்பம்மா ஒரு வாய் குடித்துவிட்டு உவரென்று துப்பட்டும். “எங்கடை நல்ல தண்ணி” என்று அவ தொடங்க, பேத்தி ஃபோனிலிருந்து தலை நிமிராமல் இருக்கட்டும். பிறகு இன்னொரு வீடு, இன்னொரு உவர். மயிலிட்டிக்கு வரும்போது அவ வாளியைத் தேடினாலே எங்களுக்கு விளங்கிவிடும். வயலினை எடுத்துவிட்டு ஓட்டிப் பாரும். அப்போதும் தேவைப்பட்டால் போடும், நான் மறிக்கவில்லை.

அந்த எபிசோட் பிடித்த கூட்டாளிமாரில் ஒருவனிடமாவது எந்த இடத்தில் கண் கலங்கியது என்று கேட்டு எனக்கு எழுதும். நெசுக்கோவின் இடம் என்று சொல்வான் என்று நினைக்கிறேன். அது எனக்கும் கொஞ்சம் பட்டது.

மற்றது, மயிலிட்டி வளவில் இருந்தது துலாக் கிணறா, கப்பிக் கிணறா என்று அப்பம்மாவிடமே கேட்டுக்கொள்ளும். நீர் கீறியிருப்பது இரண்டுமில்லை.

அன்புடன்,
உமது சித்திர மாஸ்ரர்