சீலிங் ஃபேன் வாங்கப் போகிறீர்களா?

நிறத்தையும் டிசைனையும் பார்க்கும் முன் அறையை அளந்துகொள்ளுங்கள். 10க்கு 12 அடி படுக்கையறைக்கு 1200 மி.மீ., அதாவது 48 அங்குல ஃபேன் சரியாக இருக்கும். சின்ன அறைக்கு 900 மி.மீ. போதும். நீளமான ஹாலில் நடுவே ஒன்றை மாட்டுவதைவிட இரண்டாக மாட்டினால் மூலைவரை காற்று வரும். இறக்கை தரையிலிருந்து 7 அடிக்குக் கீழே இறங்கவே கூடாது. பரணோ அடுக்குக் கட்டிலோ உள்ள அறையில், குழந்தையின் கை எட்டுமா என்றும் பாருங்கள்.

இரவு பகலாக ஓடும் அறைக்கு, விலை கூடினாலும் பி.எல்.டி.சி. ஃபேனைத்தான் சொல்வேன். சாதாரண ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும்; இது ஏறக்குறைய 30 வாட்டில் ஓடிவிடும். ஆனால் பழைய ரெகுலேட்டரோடு இணைத்தால் பழுதாகலாம். ரெகுலேட்டரைத் தவிர்த்து, நேராக சுவிட்சிலிருந்து இணைப்புக் கொடுக்கும்படி எலக்ட்ரீஷியனிடம் மாட்டும்போதே சொல்லிவிடுங்கள்.